தாங்கும் இரக்கமும் வளர்க்கும் இரக்கமும்: தோட்டப்புறத் தமிழ்ச் சபைகள் பற்றி

மலேசியத் தமிழ்ச் சபைகளில் கடவுளின் இரக்கத்தைப் பேசாத ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றே சொல்லலாம். பாடல்கள் அதைத்தான் பாடுகின்றன; சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்; ஜெபக் குறிப்புகள் எல்லாம் அதை நம்பியே எழுதிக் கொடுக்கப்படுகின்றன. ஆனால், அந்த இரக்கம் மனிதரை எதற்காகத் தாங்குகிறது, தாங்கியபின் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்த நினைக்கிறது என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. வேதாகமத்தில் கடவுளின் இரக்கமும் விசுவாசிகளின் முதிர்ச்சியும் ஒன்றையொன்று விட்டு விலகுவதே இல்லை. நம் சபை வாழ்க்கையிலோ முன்னது ஆறுதலாகவும் பின்னது அறிவுரையாகவும் பிரிந்து கிடக்கின்றன. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் இந்தப் பிரிவு எப்படி ஏற்பட்டது, அதைச் சரிசெய்யத் திருச்சபையின் மரபிலேயே என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதை இங்கே பார்க்கலாம்.

யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் கடவுள் தம்மைக் குறித்துத் தாமே கூறும் வார்த்தைகள் உள்ளன: ‘இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்’. சுவரில் மாட்டும் நாள்காட்டி வழியாக இந்த வசனம் பலருக்கு மனப்பாடம். அது சொல்லப்பட்ட வேளை அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியை வார்த்து வணங்கினார்கள். மோசே கோபத்தில் முதல் கற்பலகைகளை எறிந்து உடைத்தார். பிறகு இரண்டாம் பலகைகளை இழைத்துக்கொண்டு விடியற்காலையில் மலையேறியபோதுதான் இந்த அறிவிப்பு வருகிறது. மன்னிப்பு அறிவிக்கப்பட்ட அதே மலையில் கட்டளைகளும் மறுபடி கொடுக்கப்படுகின்றன. தவறியவர்களைக் கைவிடாதது இரக்கம் என்றால், அவர்கள் இனி எப்படி வாழவேண்டும் என்பதை இரண்டாம் முறையும் பொறுமையாகக் கற்பிக்க முன்வந்ததும் அதே இரக்கம்தான். ஓசியா 11ஆம் அதிகாரமும் இதையே ஒரு தகப்பனின் வாயால் சொல்கிறது. ‘என் பரிதாபங்கள் ஏகமாய்ப் பொங்குகிறது’ என்று அங்கே உருகுகிற கடவுள், அதற்குச் சற்று முன்பாகத் தாம் செய்ததை நினைவுகூர்கிறார்: எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கியவர் தாமே என்கிறார். தூக்கிச் சுமந்ததையும் நடக்கப் பழக்கியதையும் அந்தத் தகப்பன் வேறுவேறாகக் கணக்கிடவில்லை.

இயேசுவின் மனதுருக்கத்தை அறிய மாற்கு 6ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கவேண்டும். சீஷர்கள் அப்போதுதான் தங்கள் ஊழியப் பயணத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். சாப்பிடவும் நேரமில்லாதபடி ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்ததால், சற்று இளைப்பாறலாம் என்று படவில் ஏறித் தனி இடத்துக்குப் புறப்பட்டார்கள். ஜனங்களோ கால்நடையாய் ஓடி அவர்களுக்கு முன்னே அங்கு போய்ச் சேர்ந்திருந்தார்கள். மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல இருந்த அந்தக் கூட்டத்தைக் கண்டு இயேசு மனதுருகினார். உருகியவுடன் அவர் செய்ததாக மாற்கு எழுதுவது, ‘அநேக காரியங்களை அவர்களுக்கு உபதேசிக்கத் தொடங்கினார்’ என்பதே. அப்பம் பிறகுதான் வந்தது. அதுவும் நேராக வரவில்லை. பொழுது போயிற்று, ஜனங்களை அனுப்பிவிடும் என்று சொன்ன சீஷர்களிடம், ‘நீங்களே அவர்களுக்குப் போஜனங்கொடுங்கள்’ என்றார். அவர்கள் உடனே இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்குவதா என்று கணக்குப் போட்டார்கள். எந்தச் சபைக் கமிட்டியும் போடக்கூடிய கணக்குதான் அது. இருக்கும் அப்பங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லி, ஜனங்களைப் புல்லின்மேல் வரிசையாக உட்காரச் செய்து, பிட்ட அப்பங்களைச் சீஷர்களின் கையில்தான் அவர் கொடுத்தார். போதனை இல்லாதிருந்த கூட்டம் போதனை பெற்றது, பசித்தவர்கள் புசித்தார்கள், களைத்துப்போய் ஓய்வு தேடி வந்த பன்னிருவர் பரிமாறுகிறவர்களாக ஆக்கப்பட்டார்கள். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதும் மனதுருக்கத்தின் செயலே என்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. மலைப்பிரசங்கத்தில் பகைவரையும் நேசிக்கும்படி சொல்லிவிட்டு, பரலோகத்தின் பிதாவைப் போல நீங்களும் பூரண சற்குணராயிருங்கள் என்று இயேசு முடிப்பதாக மத்தேயு எழுதுகிறார். அதே போதனையை லூக்கா தரும் இடத்தில் முடிவு இப்படி இருக்கிறது: ‘உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல, நீங்களும் இரக்கமுள்ளவர்களாயிருங்கள்.’ இரண்டு சுவிசேஷங்களையும் அருகருகே வைத்தால், முதிர்ந்த விசுவாசி யார் என்பதற்கு விடை கிடைக்கிறது: பெற்ற இரக்கத்தைப் பிறருக்கும் காட்டத் தெரிந்தவர். சபையில் எத்தனை ஆண்டுகள் என்பது இதற்கு அளவாகாது. ஆவிக்குரிய வரங்களும் அளவாகா. கொரிந்து சபையில் வரங்களுக்குக் குறைவில்லை என்று தொடக்கத்தில் சொல்லும் பவுல், அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அவர்களைக் கிறிஸ்துவுக்குள் குழந்தைகள் என்கிறார். காரணம், அவர்களுக்குள் இருந்த பொறாமையும் வாக்குவாதமும். எபிரெயர் நிருபம் இன்னோர் அடையாளத்தையும் தருகிறது: நன்மை தீமை இன்னதென்று பயிற்சியினால் பகுத்தறியப் பழகியவர்களே பூரண வயதுள்ளவர்கள். ஆகவே இரங்கத் தெரிவதும் பகுத்தறியத் தெரிவதும் சேர்ந்ததே முதிர்ச்சி. இரண்டும் பழக்கத்தால் வருகிறவை, ஒரே இரவு உபவாசக் கூட்டத்தில் இறங்கி வருகிறவை அல்ல.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட், ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த பட்டணம். 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்த கதைக்காக வரலாற்று நூல்கள் இவ்வூரை நினைவில் வைத்திருக்கின்றன. நம் பொருளுக்கு அதைவிடத் தோட்டத்தின் அன்றாட ஒழுங்கே முக்கியம். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பில் பெயர் கூப்பிடுவார்கள், கணக்கரான கிராணி எழுதுவார், மேற்பார்வையாளரான மண்டோர் மரங்களின் நிரை பிரித்துக் கொடுப்பார், ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் தூக்கிவந்த பாலை நிறுத்தது எவ்வளவு என்பதும் கிராணியின் புத்தகத்தில் இருப்பதே. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலியும் இல்லை. லயம் என்ற வரிசை வீடு, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மருந்துக் கொட்டகை, பள்ளிக்கூடம், கோயிலுக்கு இடம், கள்ளுக்கடைக்கு இடம் என எல்லாம் நிர்வாகம் கொடுத்தவை. வேலை போனால் வீடும் போகும். இப்படிப்பட்ட ஒழுங்கில் மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்த மக்களிடம் முடிவெடுக்கும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்கிறது என்ற எண்ணம் படிந்துபோனதில் வியப்பில்லை. துரைக்கு முன்னே மிதிவண்டியில் இருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற வழக்கம் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அந்த வழக்கத்தை ஒழிப்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். அந்த ஒரு கோரிக்கையே போதும், இம்மக்கள் இயல்பிலேயே பணிந்து கிடப்பவர்கள் என்ற பேச்சைத் தள்ளிவிட.

சபைகள் இந்த ஒழுங்குக்குள்தான் வளர்ந்தன. மெதடிஸ்டு மிஷன் 1885இல் சிங்கப்பூரில் தொடங்கித் தீபகற்பத்துக்குள் பரவியது. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் குடும்பங்கள் தமிழகத்திலிருந்து வேலை தேடி வந்து தங்கள் ஆராதனையைத் தாங்களே அமைத்துக்கொண்டன. கத்தோலிக்கர்களைப் பெரும்பாலும் பாரிஸ் மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள் பராமரித்தார்கள். கிறிஸ்தவர்களில் பால் வெட்டுகிறவர்களும் இருந்தார்கள். ஆசிரியர், கிராணி, மருத்துவ உதவியாளரான டிரெசர் போன்ற உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள். ஆலயத்தில் முன்வரிசை பெஞ்சு யாருக்கு என்று யாரும் எழுதி ஒட்டாவிட்டாலும் அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தோட்டத்தின் ஏணி ஆலயத்துக்குள்ளும் நுழைந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும் தோட்டச் சபைகளுக்கு ஒரு பலம் இருந்தது; அது வசதிக் குறைவால் வந்த பலம். ஒரு போதகருக்குப் பல தோட்டங்கள் என்பதால் அவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். இடைப்பட்ட ஞாயிறுகளையும், லயத்து வீட்டு ஜெபக்கூட்டங்களையும், திடீர் மரணங்களையும், சண்டைகளையும் உபதேசியாரும், பால் வெட்டுகிற பெண்களும் ஆண்களுமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தோட்டப் பள்ளியில் சில வகுப்புகளே படித்த ஒருவர், மண்ணெண்ணெய் விளக்கடியில் வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, பக்கத்து வீட்டுக்காரரின் துக்கத்துக்கு ஏற்ற வசனத்தைத் தேடி எடுத்திருக்கிறார். நிர்வாகம் எதையும் முடிவெடுக்க விடாத மக்களுக்குத் தங்கள் ஜெபக்கூட்டமே முடிவெடுத்துப் பழகும் இடமாக இருந்தது. இதை யாரும் திட்டமிடவில்லை. ஆள் இல்லாததால் நடந்தது. எப்படி நடந்தாலும் எபிரெயர் நிருபம் சொல்லும் பயிற்சி அதுதான்.

1970களுக்குப் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, சில, வீடமைப்புத் திட்டங்களாக மாறின, செம்பனைக்குக் குறைவான ஆட்களே போதும் என்பதோடு அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயங்களைக் காலிசெய்த குடும்பங்கள் தாமான் எனப்படும் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. சபைகளும் கூடவே வந்தன. இப்போது முழுநேரப் போதகர் இருக்கிறார், ஒலிபெருக்கி இருக்கிறது, திரையில் பாட்டு வரிகள் ஓடுகின்றன. வீட்டு ஜெபத்துக்கு மூப்பர் ஒருவர் வந்து நின்றால், ‘போதகர் ஐயா வரலையா?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என் கணிப்பில், பட்டணத்துச் சபை தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டியதை அங்கேயே விட்டுவிட்டு, விட்டுவந்திருக்க வேண்டியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. விசுவாசிகளே ஒருவரையொருவர் மேய்த்த பழக்கம் லயத்தோடு போயிற்று. மேலே இருக்கும் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் தாமானுக்கும் வந்தது.

இது போதகர்களைக் குறைசொல்லும் பேச்சு அல்ல. மருத்துவமனை, காவல் நிலையம், பள்ளி, கல்லறைத் தோட்டம் என்று அலைகிற அவர்களில் பலர் ஓய்வில்லாதவர்கள். இரக்கம் முழுவதையும் ஒருவர் தோளில் ஏற்றி வைத்தால் அவரும் களைப்பார், மற்றவர்களும் வளரமாட்டார்கள் என்பதே பிரச்சினை. எபேசியர் 4ஆம் அதிகாரம் இதை நேராகவே சொல்கிறது. மேய்ப்பரும் போதகரும் கொடுக்கப்பட்டது பரிசுத்தவான்கள் சீர்பொருந்தும்பொருட்டு. அவர்கள் சீர்பொருந்தியபின் ஊழியத்தின் வேலையும் சபை கட்டப்படுவதும் அவர்கள் எல்லாரையும் சேர்ந்தது. ‘நாம் இனிக் குழந்தைகளாயிராமல்’ என்று அந்தப் பகுதி தொடர்கிறது.

திருச்சபை வரலாற்றில் இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒவ்வொரு மரபும் தன் காலத்தில் இதற்கு ஒரு கருவியைக் கண்டுபிடித்திருக்கிறது. சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிட்ட மார்ட்டின் லூத்தர், ஜனங்களுக்குப் பத்துக் கட்டளைகளோ விசுவாசப் பிரமாணமோ கூடத் தெரியாததைக் கண்டு மனம் நொந்து, 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அது குருமாருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்கும் முறை இது என்று குறிப்பு இருந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சுங்கை சிப்புட்டில் இன்று ஒரு லுத்தரன் பிள்ளை ஒப்பிக்கும் கேள்வி பதில்கள் அந்த வழியாக வந்தவை. பிள்ளை அவற்றை, சபையின் முழு உறுப்பினராகும் சடங்கான திடப்படுத்தலுக்காக மனப்பாடம் செய்து, திடப்படுத்தல் முடிந்த மறு மாதத்திலிருந்து சபைக்கு வராமல் போவது வேறு கதை. பட்டமளிப்பு விழா முடிந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று அது நினைப்பதில் தவறில்லை. நாம் அப்படித்தான் நடத்துகிறோம்.

மெதடிஸ்டு மரபின் கருவி இன்னும் சுவாரசியமானது. 1742இல் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்கு ஆலயம் கட்டிய கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கொடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்களே என்ற பேச்சு வந்தபோது, பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், கொடுக்க முடியாதவருக்காக நானே போடுகிறேன் என்றார் அவர். இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்து, வாராவாரம் வீடு வீடாகப் பணம் வாங்கப் போனவர்கள், வீட்டுக்குள் நடப்பதையும் கண்டார்கள்: குடி, சண்டை, நோய், பசி. வெஸ்லி உடனே இதன் பெறுமதியை உணர்ந்துகொண்டார். கடன் வசூல், ஆத்தும விசாரணையாக மாறியது. வகுப்புகள் எனப்பட்ட அந்தக் குழுக்களை நடத்திய தலைவர்கள் குருமார் அல்ல. அவர்களில் பலர் கைத்தொழிலாளர்கள், பெண்களும் இருந்தார்கள். ஏழைக்கு உதவுவது, தவறுகிறவரைக் கண்டிப்பது, சோர்ந்தவரோடு ஜெபிப்பது எல்லாம் ஒரே சந்திப்பில் நடந்தன. கடவுளின் இரக்கம் ஒரு தெருவுக்குள் நுழைய எந்த வடிவம் எடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

கத்தோலிக்க மரபில் இரக்கச் செயல்கள் பதினான்கு என்று எண்ணுவார்கள்: உடலுக்கு ஏழு, ஆன்மாவுக்கு ஏழு. பசித்தவருக்கு உணவளிப்பது முதல் வரிசையில் இருக்கிறது. அறியாதவருக்குக் கற்பிப்பதும், ஐயப்படுகிறவருக்கு ஆலோசனை சொல்வதும், தவறுகிறவரைத் திருத்துவதும் இரண்டாம் வரிசையில் இருக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் முதல் 2016 நவம்பர் வரை இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டை அறிவித்தபோது இவ்விரு வரிசைகளையும் மறுபடி நினைவூட்டினார். தீபகற்ப மலேசியத் திருச்சபையோ 1970களிலிருந்தே, பங்கு என்ற பெரிய வட்டத்துக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்களுக்கு முதன்மை தந்து வந்திருக்கிறது. தாமானில் பத்து வீடுகள் சேர்ந்து வேதம் வாசித்து, நோயாளியைப் பார்த்து, வேலையிழந்தவருக்கு வழிதேடும் இடத்தில் அந்தப் பதினான்கும் ஒன்றாகச் சேர்கின்றன. ஜெபமாலையும் பலகாரமுமாக மட்டும் முடிந்துபோகும் இடங்களும் உண்டு.

இந்தக் கருவிகள் இன்று எதற்குத் தேவைப்படுகின்றன என்பதைக் கடன் விஷயத்தில் நன்றாகப் பார்க்கலாம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு மோட்டார்சைக்கிள் தவணை, கைத்தொலைபேசித் தவணை, கல்யாணச் செலவு என்று வளர்ந்து, கடைசியில் ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் வாங்கிய வட்டிப்பணம் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட மறுநாள் போதகருக்கு அழைப்பு வரும். சபை அவசரமாகப் பணம் திரட்டி ஒரு தவணையைக் கட்டும், ஜெபம் நடக்கும், சில மாதங்களில் அதே அழைப்பு மறுபடி வரும். கிறிஸ்மஸ் காலத்தில் அரிசி, சமையல் எண்ணெய், மைலோ டின் அடங்கிய பொட்டலம் கொடுத்து, வாங்குகிறவரை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவதும் இதே வகையில் சேரும். அரிசி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. அந்தப் படம் வேண்டாம் என்று சொல்லலாம்.

சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கிக் கிராணியோ இருப்பார். அவரும் இன்னொருவரும் அந்த வீட்டு மேசையில் உட்கார்ந்து, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதவைத்து, வங்கிக் கடன் எது, கூட்டுறவுக் கடன் எது, ஆலோங் கடன் எது என்று பிரித்துப் பார்த்தால், பாதி வழி தெரிந்துவிடும். வங்கிக் கடன்களுக்கு, 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு கட்டணமின்றித் திருப்பிச் செலுத்தும் திட்டம் வகுத்துத் தருகிறது. ஆலோங் கடன் காவல்துறையின் உதவி தேவைப்படும் தனி விவகாரம். மாதாமாதம் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும். குடும்பத் தலைவர் குடியை விடாவிட்டால் அதை முகத்துக்கு நேரே சொல்லவும் ஆள் வேண்டும். பணம் கொடுத்துவிட்டுப் போவதைவிட இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், மனத்தாங்கலும் வரும். கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல், ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று தொடங்கி, மூன்று வசனம் தாண்டி, ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்கிறார். முரண்போலத் தெரியும் இவ்விரண்டும் அந்த மேசையில் முரணாக இருப்பதில்லை.

இன்னொரு சூழல், பகுத்தறிவின் பக்கத்தைக் காட்டும். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 விழுக்காடு, பெரும்பான்மையோர் இந்துக்கள். ஆகவே, புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருவரின் தாய் தகப்பன், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரும் இந்துக்களாக இருப்பதே இயல்பு. தகப்பனார் இறந்துபோகிறார், மூத்த மகனாகிய இவர் கொள்ளி வைக்கவேண்டும் என்று உறவினர் காத்து நிற்கிறார்கள். போதகருக்குத் தொலைபேசியில் கேள்வி வரும்: செய்யலாமா, கூடாதா? ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வாங்கிக்கொண்டு போகிறவர், அடுத்த பொங்கலுக்கும், அடுத்த திருமணத்துக்கும், எட்டாம் நாள் படையலுக்கும் மறுபடி தொலைபேசியை எடுக்கத்தான் வேண்டும். விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றி 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் எழுதிய பவுல், ஒரு வரியில் விதி எழுதி முடித்திருக்கலாம். அறிவு, மனச்சாட்சி, பலவீன சகோதரர், கடவுளின் மகிமை, சுயாதீனம் என்று ஒவ்வொன்றாய் எடுத்து, விசுவாசிகளே நிதானித்து அறியும்படி அவர் வாதாடுகிறார். தகப்பனைக் கனம்பண்ணுவதில் எது அன்பு, எது வழிபாடு என்று பிரித்துப் பார்க்கவும், தன்னால் கலந்துகொள்ள முடியாததைச் சித்தப்பாவிடம் மரியாதையோடு முன்கூட்டியே பேசவும், பந்தல் போடுவதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை மற்ற எல்லா வேலையிலும் முன்னிற்கவும் ஒருவருக்குப் பழக்கவேண்டும். மரணவீட்டில் நின்றுகொண்டு இதைக் கற்பிக்க முடியாது. அதற்கு முன்பே ஆற அமரப் பேசும் ஓர் இடம் சபையில் இருந்திருக்க வேண்டும்.

அந்த இடம் இல்லாதபோது கைத்தொலைபேசி அதை நிரப்பிக்கொள்கிறது. யூடியூபில் தமிழ்ப் பிரசங்கங்களுக்குப் பஞ்சமில்லை, நல்லவையும் நிறைய. ஆனால் இன்றைக்கு உன் வீட்டுக் கதவு திறக்கும், இந்த எண்ணுக்குக் காணிக்கை அனுப்பு என்று சொல்லும் குரல்களும் அதே திரையில்தான் வருகின்றன. பலவித போதகக் காற்றினால் அலைகளைப்போல அலைவதைக் குழந்தைத்தனத்தின் அடையாளமாக எபேசியர் நிருபம் குறிப்பது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கடனில் இருக்கும் குடும்பமே இந்தக் குரல்களுக்கு முதலில் செவிகொடுக்கிறது. அவர்களைக் கண்டித்துப் பயனில்லை. அவர்களுடைய பயத்தைக் கேட்க வேறு யாரும் அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை.

மொழியும் ஒரு தடை. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், இடைநிலைப் பள்ளியைத் தாண்டிய பிள்ளைகளில் பலருக்குப் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தைத் தனியே வாசித்துப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கிறது. பாட்டுகளை உரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள். சொற்களை மாற்றுவதா, பிள்ளைகளுக்குத் தமிழை ஊட்டுவதா என்று சபைகள் நீண்டகாலமாக வாதிடுகின்றன. எதைத் தேர்ந்தாலும் உட்கார்ந்து வாசிக்க ஒரு பெரியவர் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. வளர்த்த பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுவார்கள் என்பதையும் தோட்டப்புறச் சபைகள் அறிந்தே இருக்கின்றன. நாளை வேறொரு சபையில் பயன்படப்போகிறவருக்காக இன்று உழைப்பதும் இரக்கத்தில் சேர்ந்ததுதான்.

சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்கு உதவி வேறு, உயர்த்துவது வேறு என்று தனியாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களின் தொழிலாளர்களுக்காக நிவாரண நிதி கேட்கவில்லை. அவர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப்பணம் வாங்கித் தோட்டங்களை அவர்களுடைய சங்கத்துக்குச் சொந்தமாக்கினார். அவர் கிறிஸ்தவர் அல்ல. சபைக்காக அதைச் செய்யவும் இல்லை. ஆனால் அதே வகை நம்பிக்கையை எருசலேம் சபையும் தன் ஏழைகள்மேல் வைத்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசும் யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். பன்னிருவர் அந்தக் குறையைத் தாங்களே தீர்த்துவைக்கவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு முதலான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தார் கையிலேயே பந்திவிசாரணை ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது. அவர்களில் ஸ்தேவான் விரைவில் சபையின் முதல் இரத்தசாட்சியானார். பிலிப்பு சமாரியாவுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோனார்.

நம் சபைக் கமிட்டித் தேர்தல்களில் உதவி பெற்ற குடும்பங்களிலிருந்து ஒரு பெயர் முன்மொழியப்படுவது அரிது. சில சபைகளில் சந்தா பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லை என்று விதி இருக்கிறது; நிதி ஒழுங்குக்காக எழுதப்பட்ட விதி அது, நோக்கம் கெட்டதல்ல. ஆனால் வேலையிழந்து சந்தா கட்ட முடியாதவர், தமக்குத் தரப்படும் அரிசியைப் பற்றி எடுக்கப்படும் முடிவில் கைதூக்கக்கூட முடியாமல் போகிறார். வரும் ஆண்டுக் கூட்டத்தில் அந்த ஒரு விதியைத் திருத்தி, கடன் மேசையில் உட்கார்ந்து கரையேறிய ஒருவரை அடுத்த குடும்பத்தின் மேசைக்கு அனுப்புவதற்குக் கட்டட நிதியிலிருந்து எதுவும் எடுக்க வேண்டியதில்லை.